தராசுக்கு மேலே டியூப்லைட்

என் வீட்டுக்காரர் கமருதீனுக்குத் தெரியாத விஷயம் இந்த உலகத்தில் கிடையாது. அவரைக் கேட்டால் அவரே சொல்வார். போடியில் ஏலக்காய் யாவாரம் பண்ணுகிற ஆம்பிளைகள் பெரும்பாலும் அந்த ரகம்தான். ஒரு காயை எடுத்து நகத்தால் கீறி மோந்து பார்த்துவிட்டு, இது எந்த மலை, எந்தத் தோட்டம், பறிப்பதற்கு முந்தின நாள் மழை பெய்ததா இல்லையா என்றெல்லாம் சொல்லிவிடுவார்கள். வீட்டில் உப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள், திருதிருவென்று முழிப்பார்கள்.

எனக்கு அவர் மேல் கோபம் என்று நீங்கள் நினைத்தால், சரியாகத்தான் நினைத்தீர்கள். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

எனக்குப் பிறந்த வீடு என்று மிச்சம் இருந்தது தம்பி அல்லா பிச்சை ஒருவன்தான். அத்தா முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா மவுத்தானபோது அவனுக்கு ஏழு வயசு, எனக்குக் கல்யாணமாகிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அம்மாவின் பித்தளை அண்டாவை இடுப்பில் வைத்துக்கொண்டு, அவனை மறுகையில் பிடித்துக்கொண்டு இந்த வீட்டுக்குள் வந்தேன். மாமியார் அண்டாவைப் பார்த்து, இது ஓட்டையா என்று கேட்டார். தம்பியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அந்த ஒரு காரியத்துக்காகவே அல்லா அவருக்குச் சுவனத்தைக் கொடுத்திருப்பான்.

வளர்ந்தான். படிப்பு ஏறவில்லை, ரேடியோ ஏறியது. வீட்டு முன்னறையில் ஒரு பெஞ்சைப் போட்டு, ஊரில் பாடாத ரேடியோவையெல்லாம் பாட வைத்துக்கொண்டிருந்தான். ஈயப் புகை வாசமும் ஏலக்காய் வாசமும் கலந்ததுதான் எங்கள் வீட்டு வாசம். அவன் சாப்பிட வரும்போது ஒரு கையில் திருப்புளி இருக்கும். அதைக் கீழே வைக்கச் சொல்லித் திட்டிக்கொண்டே சோறு போடுவேன். எனக்கு அது போதுமாக இருந்தது.

எண்பத்தைந்தாம் வருஷம் என் வீட்டுக்காரருக்கு ஒரு புதுக் கவலை பிடித்தது. எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருத்தன் சவூதியில் இருந்தான். பெருநாளைக்கு வீட்டுக்கு வீடு அத்தர் மணக்கிறது, டேப்ரிக்கார்டர் அலறுகிறது. எங்கள் வீட்டிலிருந்து மட்டும் யாரும் போகவில்லை என்பது அவருக்குத் தலைகுனிவாகப் போய்விட்டது. அவருடைய பெரியத்தா மகன் தம்மாமில் இருந்தார். அவரிடம் சொல்லி, ஏ.சி. மிஷின் ரிப்பேர் வேலைக்கு விசாவே வரவழைத்துவிட்டார். தான் போகவில்லை, பாருங்கள். என் தம்பிக்கு வரவழைத்தார்.

"நான் போக மாட்டேன் மச்சான்" என்றான் அவன், தட்டைப் பார்த்துக்கொண்டு.

"போகாம? இந்த ஊர்ல ஒழுகுற ரேடியோவுக்கு ஈயம் வச்சே கெழவனாயிரலாம்னு பாக்குறியா மாப்ளே?"

நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். சவூதிக்குப் போனவன் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறைதான் வருவான். வந்தாலும் விருந்தாளி மாதிரி வருவான். இவனும் போய்விட்டால் எனக்குத் தாய் வீடு என்று சொல்ல ஒரு நாதி இல்லை. அன்றைக்குச் சட்டி தீய்ந்தது.

அந்தச் சமயத்தில்தான் மலை உச்சியில் ஒரு ஒயர்லெஸ் கோபுரம் சூறைக்காற்றில் மாட்டியது. அதற்கு மின்சாரம் கொடுக்க வெயிலில் வைக்கிற கண்ணாடித் தட்டுகள் இருந்தனவாம். மரம் முறிந்து விழுந்து எல்லாம் நொறுங்கிப்போக, உடைந்ததை ஏலம் விட்டார்கள், பழைய இரும்புக் கடைக்காரர் எடுத்தார். அவர் அலுமினியச் சட்டத்துக்காக எடுத்தார். உள்ளே இருந்ததை என்ன செய்வதென்று தெரியாமல் சாக்கடை ஓரம் அடுக்கி வைத்திருந்தார். என் தம்பி அதைத் தலையில் சுமந்து வீட்டுக்குக் கொண்டுவந்தான். தலைப்பாகையெல்லாம் கண்ணாடித் தூள்.

"என்னடா இது?"

"அக்கா, இது வெயிலைக் கரெண்டா ஆக்கும்."

"அப்ப போடிக்கு இனிமே கரெண்டே வேணாம்னு சொல்லு" என்றேன். புரட்டாசி வெயில் அப்படி அடித்துக்கொண்டிருந்தது.

உடைந்த கண்ணாடிக்கு அடியில் வட்ட வட்டமாகப் பில்லைகள் இருந்தன. கறுநீல நிறம், உள்ளங்கை அகலம், மேலே வெள்ளிக் கம்பி போலக் கோடுகள். ரப்பர் மாதிரி ஒரு பசையில் பதிந்து கிடந்தன. மண்ணெண்ணெயில் ஊறப்போட்டால் பசை உப்பிக்கொண்டு விட்டுக்கொடுக்கிறது என்று கண்டுபிடித்தான். பிறகு பிளேடை உள்ளே விட்டுப் பையப் பைய எடுத்தான். அப்பளத்தைவிட மோசம் அந்தப் பில்லை. சத்தமாகத் தும்மினால் உடையும். எங்கள் வீட்டில் காய் பொறுக்க வருகிற பாத்துமுத்துவை உதவிக்குக் கூப்பிட்டான். ஏலக்காயைத் தொட்டுத் தொட்டு அவள் விரல் பூ மாதிரி பழகியிருந்தது. அவள் எடுத்த பில்லை எதுவும் உடையவில்லை, அவன் எடுத்ததில் பாதி உடைந்தது.

வெயிலில் ஒரு பில்லையை வைத்து மீட்டரைத் தொட்டால் அரை வோல்ட்டு காட்டும். முப்பத்தாறு பில்லையை ஒன்றன்பின் ஒன்றாக ஈயம் வைத்துக் கோத்தால் ஜீப் பாட்டரியைச் சார்ஜ் பண்ணலாம், பாட்டரியை வைத்து டியூப்லைட் எரிக்கலாம் என்றான். மலைத் தோட்டங்களில் கரெண்டு கிடையாது. ஒவ்வொரு தோட்டக்காரரும் ஒன்று வாங்கினாலே ஆயுசுக்கும் வேலை இருக்கிறது, எதற்குச் சவூதி?

இதை அவன் தன் மச்சானிடம் சொன்னபோது நான் கதவுக்குப் பின்னால் நின்று யாசின் ஓதிக்கொண்டிருந்தேன்.

கமருதீன் யோசித்தார். நல்ல மனுஷர்தான், யாவாரம் என்று சொன்னால் மட்டும் காது விறைக்கும். "சரி மாப்ளே. நம்ம ஜக்கையன் தோட்டத்து ஸ்டோர்ல கொண்டுபோய் மாட்டு. எரியணும். எரிஞ்சதப் பாத்து இன்னும் நாலு தோட்டக்காரன் எனக்கு எனக்குன்னு கேக்கணும். கேட்டா நீ போக வேணாம். பாஸ்போர்ட்ட நானே அடுப்புல போடுறேன். கேக்கலேன்னா பேசாம பிளேன் ஏறணும்."

"சரி மச்சான்" என்றான் தம்பி. எனக்கு உயிர் வந்தது.

ஜக்கையன் மலை மேல் பெரிய ஏலத்தோட்டக்காரர். என் வீட்டுக்காரர் வருஷா வருஷம் காய் எடுக்கிறது அவரிடம்தான். ஸ்டோர் என்றால் பச்சைக் காயைச் சூட்டில் உலர்த்துகிற கூடம். அங்கேயே எடை போட்டு, அங்கேயே விலை பேசி, ஜீப்பில் ஏற்றிவிடுவார்கள். அந்த மலையிலேயே தன் ஸ்டோரில் மட்டும் கரெண்டு விளக்கு எரிகிறது என்றால் யாருக்குத்தான் கசக்கும்? ஜக்கையன் உடனே சம்மதித்தார்.

பில்லைகளைப் பொறுக்கிப் பார்த்தால், முழுசாக இருந்தது நாற்பதுக்குக் கொஞ்சம் குறைவு. மீதியெல்லாம் ஓரம் போனது, பாதி போனது, கீறல் விட்டது. தம்பி முழுப் பில்லைகளை ஒரு முறத்திலும் உடைசலை இன்னொரு முறத்திலும் வைத்தான். என் வீட்டுக்காரர் வந்து குனிந்து பார்த்தார். இரண்டு முறத்தையும் பார்த்ததும் அவர் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. அந்த வெளிச்சத்தை எனக்குப் பதினைந்து வருஷமாகத் தெரியும்.

"நல்லதெல்லாத்தையும் ஒரே சட்டத்துல போடப் போறியா? கிறுக்கா புடிச்சிருக்கு ஒனக்கு?"

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் வீட்டில் கலப்படம் என்ற வார்த்தையை யாரும் சொல்ல மாட்டோம், அது கெட்ட வார்த்தை. சேர்மானம் என்போம். ஒரு மூட்டை பச்சைக் காயில் நாலு கை வெளுத்த காயைச் சேர்த்தால் மூட்டை ஒன்றும் கெட்டுப்போகாது. மேலாக நல்ல காய் இருக்க வேண்டும், அவ்வளவுதான். போடியில் சேர்மானம் பண்ணாத யாவாரி என்று ஒருவர் இருந்தால் அவரை எனக்குக் காட்டுங்கள், நான் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். நானே முறத்தில் வைத்துச் சேர்ப்பேன். என் கை அளவு சரியாக இருக்கும் என்று கமருதீன் வெளியில் பெருமையாகச் சொல்லிக்கொள்வதும் உண்டு.

"ரெண்டு சட்டம் பண்ணு. ஒவ்வொண்ணுலயும் பாதிக்கு மேல நல்லது, மிச்சத்துக்குச் சொத்தை. ஓரமாப் போட்டு நிரவிரு. எவனுக்குத் தெரியும்?"

தம்பி சும்மா கேட்டுக்கொள்ளவில்லை. உடைந்த பில்லை ஒன்றை எடுத்து வெயிலில் வைத்து மீட்டரைத் தொட்டுப் பார்த்தான். அரை வோல்ட்டு. முழுப் பில்லையைத் தொட்டான். அதுவும் அரை வோல்ட்டு. இன்னொரு உடைசலைப் பார்த்தான், அதே அரை வோல்ட்டு.

"அட, ஆமா மச்சான்! எல்லாம் ஒண்ணுதான் காட்டுது."

"நாஞ் சொல்லல? மீட்டரே சொல்லிருச்சு பாரு" என்று என் வீட்டுக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டார். பில்லை வேலையை முப்பது வருஷமாகச் செய்தவர் மாதிரி இருந்தது அந்த உதறல். நானும்தான் சந்தோஷப்பட்டேன். ஒன்றுக்கு இரண்டாக இருந்தால் நல்லதுதானே என்று நினைத்தேன். பாத்துமுத்து சொத்தைகளை எங்கே வைத்தால் தெரியாது என்று கை காட்டினாள், அவள் காட்டின இடத்திலேயே வைத்தான்.

பழைய ஜன்னல் பலகையில் சட்டம் அடித்து, படக்கடைக்காரரிடம் கண்ணாடி வாங்கிப் போட்டு, ஓரமெல்லாம் பட்டி வைத்து அடைத்தான். பார்க்க ஜோராக இருந்தது. ஒன்றை மலைக்குக் கொண்டுபோய், மரம் மறைக்காத பாறை மேல் சாய்த்துக் கட்டினான். ஏலத்தோட்டத்தில் வெயில் விழுகிற இடத்தைத் தேடிக் கண்டுபிடிப்பதே பெரிய சோலி. நிழலுக்காகத்தானே அங்கே அத்தனை மரத்தையும் பிள்ளை மாதிரி காப்பாற்றுகிறார்கள்.

ஒரு வாரம் வெயில் காய்ந்தது. அடுத்த எடை நாளன்று சாயங்காலம் என் வீட்டுக்காரரும் தம்பியும் போனார்கள். ஜக்கையனும் பக்கத்துத் தோட்டக்காரர்கள் சிலரும் ஸ்டோரில் கூடியிருந்தார்கள். தம்பி பிஸ்மி சொல்லி சுவிட்சைப் போட்டான். டியூப்லைட்டின் இரண்டு நுனியும் பீடிக் கங்கு மாதிரி சிவந்தது. அதோடு சரி. வாரம் பூராவும் வெயிலில் கிடந்த பாட்டரியில் ஒரு மண்ணும் ஏறவில்லை.

ஜக்கையன் நல்ல வாய்க்காரர். "ராவுத்தரே, இந்த வெளக்கு எங்க இருக்குன்னு பாக்குறதுக்கு ஒரு அரிக்கேன் வெளக்கு கொண்டாரச் சொல்லவா?" என்றாராம் என் வீட்டுக்காரரைப் பார்த்து.

வீடு வந்து சேர்ந்த கமருதீன் பாஸ்போர்ட்டை அலமாரியில் இருந்து எடுத்துத் தூசி தட்டி மேசை மேல் வைத்தார். தம்பி சாப்பிடவில்லை. நான்தான் அவர் முன்னால் போய் நின்றேன்.

"இன்னொரு தடவை பாக்கட்டுங்க. ஒரே தடவை."

"என்னத்தப் பாக்க? ஊரே சிரிக்குது."

"ஒங்க அம்மா மேல ஆணை, இன்னொரு தடவை குடுக்கலேன்னா நான் இந்த வீட்டுல ஒத்தக் காயத் தொட மாட்டேன். யாரு சேர்மானம் பண்ணுவான்னு பாக்குறேன்."

அந்த மிரட்டல் வேலை செய்தது. சீசன் நேரம்.

மறுநாள் தம்பி இரண்டாவது சட்டத்தை மொட்டைமாடியில் வெயிலில் போட்டு, மீட்டரை மாட்டி முள்ளையே முறைத்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இந்தத் தடவை வோல்ட்டைப் பார்க்கவில்லை, பாட்டரிக்குள் எவ்வளவு ஓடுகிறது என்று பார்த்தான். முள் தூங்கி வழிந்தது. நான் துவைத்த துணியைக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கொடியில் விரித்த சேலையின் முந்தி நழுவி, சட்டத்தின் ஒரு மூலையில் ஒரே ஒரு பில்லையை மறைத்தபடி விழுந்தது.

"ஏக்கா! சேலைய எடு!" என்று கத்தினான். "ஒங் கண்ணு என்ன பொடதிலயா இருக்கு?"

"எடுக்குறேன், அதுக்கு எதுக்குடா இந்தக் கத்து?" என்று எடுத்தேன்.

"இரு. இரு. மறுபடி போடு."

"கிறுக்குப் பயலே, போடவா எடுக்கவா?"

"போடுக்கா!"

போட்டேன். முள் சுத்தமாகப் படுத்துவிட்டது. எடுத்தேன், கொஞ்சம் எழுந்தது. இன்னொரு பில்லையை என் உள்ளங்கையால் மறைக்கச் சொன்னான், மறுபடியும் படுத்தது. ஒரே ஒரு பில்லை. மற்றதெல்லாம் உச்சி வெயிலில் காய்ந்துகொண்டுதான் இருந்தது. தம்பி அப்படியே சிமெண்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"அக்கா, இது மூட்டை இல்லக்கா. ஒண்ணு வழியாத்தான் ஒண்ணு போகணும். இருக்குறதுலயே எது ரொம்பச் சொத்தையோ, அது எவ்வளவு விடுதோ அவ்வளவுதான் எல்லாமும் விடும். முப்பத்தஞ்சு நல்லது இருந்தும் பிரயோசனம் இல்ல."

"அப்ப அந்த மீட்டரு ஒண்ணுதான்னு காட்டுச்சே?"

"சும்மா இருக்கும்போது எல்லாம் ஒண்ணுதான் காட்டுது. வேலைன்னு வரும்போதுதான் தெரியுது" என்றான்.

இதை என் வீட்டுக்காரரிடம் சொன்னோம். அவர் நம்பவில்லை. மாடிக்கு வந்து தானே துண்டைப் போட்டுப் போட்டுப் பார்த்தார். ஒரே ஒரு சொத்தை மொத்தத்தையும் படுக்க வைக்கிற சரக்கு உலகத்தில் இருக்கிறது என்பது அவருக்கு ரொம்ப வருத்தமாகப் போய்விட்டது. "இதென்ன யாவாரத்துக்கு ஆகாத சாமானா இருக்கு" என்று முனகிக்கொண்டே கீழே இறங்கினார்.

மலையிலிருந்து முதல் சட்டத்தை இறக்கி, இரண்டையும் பிரித்து, நல்ல பில்லை முப்பத்தாறையும் ஒரே சட்டத்தில் கோத்தான். உள்ளதிலேயே வடிவான பில்லைகள், ஒரு கீறல் கிடையாது. மொட்டைமாடியில் வைத்ததும் முள் துள்ளிக்கொண்டு எழுந்தது. தம்பி என்னைக் கட்டிப்பிடித்துச் சுற்றினான். இருபத்திரண்டு வயசுக் கழுதை. அக்கம்பக்கத்து மாடியில் ஆள் இருக்கிறதே என்று நான் அவன் முதுகில் அடித்தேன். அன்றைக்கு அழுததும் நான்தான்.

இந்தத் தடவை நானும் வருவேன் என்று அடம் பிடித்து ஜீப்பில் ஏறிவிட்டேன். முந்தின வாரமே தம்பி போய்ச் சட்டத்தைப் பாறையில் கட்டிவிட்டு, அங்கேயே தங்கிப் பாட்டரியைப் பார்த்துக்கொண்டிருந்தான். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மூடுபனி இறங்கியிருந்தது. மலையில் மஞ்சு இறங்கினால் அஞ்சரை மணிக்கே பொழுது போனது மாதிரிதான். ஸ்டோரில் பழையபடி ஒரு அரிக்கேன் விளக்கு மூட்டைகளுக்கு நடுவே மினுங்கிக்கொண்டிருந்தது. பத்து பெட்ரோமாக்ஸ் வாங்கி எரிக்க வசதி உள்ளவர் ஜக்கையன். ஏன் வாங்கவில்லை என்று அதுவரைக்கும் நான் யோசித்ததே இல்லை.

"வா தங்கச்சி, வா. ஒந் தம்பி இந்தத் தடவையாவது வெளக்கு ஏத்துவானா?" என்றார் ஜக்கையன். அவர் சம்சாரம் மூக்கம்மாள் எனக்குக் கடுங்காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். பக்கத்துத் தோட்டக்காரர்கள் மூன்று பேர் மப்ளரைச் சுற்றிக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். அந்த மூன்று பேரும், ஜக்கையன் சிபாரிசு பண்ணும் இன்னும் ஒருத்தரும் கேட்டால் என் தம்பி எனக்கு. நான் அந்த மூன்று முகத்தையும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தம்பி டியூப்லைட்டை எங்கே மாட்டியிருந்தான் தெரியுமா? வாசலில் இல்லை, அடுப்புப் பக்கம் இல்லை. நடுக்கூடத்தில், தராசுக்கு நேர் மேலே. எடை போடுகிற இடத்தில்தானே வெளிச்சம் வேண்டும்? அவனாகவே யோசித்து, ஏணி போட்டு ஏறி மாட்டியிருக்கிறான்.

எடை ஆரம்பித்திருந்தது. ஜக்கையன் மூட்டை வாயைப் பிரித்து, மேலாக ஒரு கை காயை அள்ளி விளக்கருகே காட்டினார். என் வீட்டுக்காரர் குனிந்து பார்த்து, "ம்ம்" என்றார். பிறகு மாதிரிக்கு என்று மூட்டைக்குள் கைவிட்டு எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டார். மாதிரிக் காய்க்கு எடை கிடையாது, அது வழக்கம். மூட்டையைத் தரையில் விரித்த படுதாவில் கொட்டினார்கள்.

அப்போதுதான் தம்பி சுவிட்சைப் போட்டான்.

ஒரு சிமிட்டு சிமிட்டிவிட்டுப் பளீரென்று எரிந்தது. பால் மாதிரி வெள்ளை வெளிச்சம். கூடத்தின் மூலையில் இருந்த ஒட்டடை வரைக்கும் தெரிந்தது. "அடி ஆத்தி!" என்று மூக்கம்மாள் கையைத் தட்டினாள். மாஷா அல்லா என்று நான் வாய்விட்டே சொல்லிவிட்டேன். சுவரோரம் இருந்த மூன்று பேரும் எழுந்து நின்றார்கள். என் தம்பியின் முகத்தை நான் அதற்கு முன்னும் அப்படிப் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

பிறகு எல்லாரும் கீழே பார்த்தார்கள்.

படுதாவில் கொட்டிய காயில் மூட்டை வாயில் இருந்த கொஞ்சம்தான் கிளிப்பச்சை. மீதியெல்லாம் வைக்கோல் நிறம், வெடித்தது, சுருங்கினது. அரிக்கேன் வெளிச்சத்தில் எல்லாம் ஒரே மஞ்சளாகத் தெரிந்துகொண்டிருந்த காய். முகர்ந்தே மழையைச் சொல்லுகிற என் வீட்டுக்காரர், தான் வருஷக்கணக்காக எதற்கு விலை கொடுத்தோம் என்பதை முதல் தடவையாகத் தராசடியிலேயே கண்ணால் பார்த்தார். அவர் வாய் திறந்தது.

அவர் பேசுவதற்குள் மூக்கம்மாள் பேசிவிட்டாள். அவள் பார்த்தது காயை இல்லை, அவர் பக்கத்தில் இருந்த பையை.

"ராவுத்தரே, இது என்ன, மாதிரிக்கு எடுத்ததா? இம்புட்டும் மாதிரியா? ஒரு கலியாண வீட்டுப் பாயாசத்துக்கே காணும் போலயே!"

பை புடைத்து, பக்கத்தில் ஒரு குழந்தை உட்கார்ந்திருப்பது மாதிரி உட்கார்ந்திருந்தது. ஜக்கையன் பையைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் படுதாவைப் பார்த்தார். அப்புறம் இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். சண்டை வரப்போகிறது என்று நான் காப்பி டம்ளரைக் கீழே வைத்தேன். மூன்று தோட்டக்காரர்களும் ஒன்றும் தெரியாதவர்கள் மாதிரி மேலே விட்டத்தைப் பார்த்தார்கள். மறுநாள் அவர்கள் ஸ்டோரிலும் எடை இருந்தது.

ஜக்கையன்தான் முதலில் தொண்டையைச் செருமினார்.

"வெளக்கு பிரமாதம். ஆனா கண்ணு கூசுது, என்ன ராவுத்தரே?"

"ஆமாமா" என்றார் என் வீட்டுக்காரர். அந்த இரண்டு பேரும் விலை பேசும்போதுகூட அவ்வளவு சீக்கிரம் ஒத்துப்போனதில்லை. "ரொம்பக் கூசுது. மாப்ளே, அணைப்பா. யாவாரத்த முடிச்சிருவோம்."

தம்பி சிரித்துக்கொண்டே அணைத்தான். அரிக்கேன் விளக்கு திரும்ப வந்தது. எடை நடந்தது, விலை பேசினார்கள், வழக்கத்தைவிட மரியாதையாகப் பேசினார்கள். மூன்று தோட்டக்காரர்களும் போகும்போது தம்பியின் தோளைத் தட்டினார்கள். "அருமையா எரியுதுப்பா" என்றார் ஒருவர். "ஒனக்கு நல்ல மூளை" என்றார் இன்னொருவர். எனக்கு ஒன்று வேண்டும் என்று ஒருத்தர்கூடச் சொல்லவில்லை.

விளக்கைக் கருப்பசாமி கோயிலுக்குக் கொடுத்துவிடலாம் என்று ஜக்கையன் முடிவு பண்ணினார். கோயிலில் எதையும் எடை போடுவது இல்லை. மறுநாள் கோயிலில் மாட்டிவிட்டு வருவதற்காகத் தம்பி அங்கேயே தங்கினான். நாங்கள் மட்டும் ஜீப்பில் இறங்கினோம். கொண்டை ஊசி வளைவுகளில் டிரைவர் ஹார்ன் அடித்துக்கொண்டே வந்தார். முதல் நாலு வளைவு வரைக்கும் நான் பொறுத்துக்கொண்டேன்.

"அந்த வெளக்கு எரிஞ்சுச்சா இல்லையா? அல்லாவுக்குப் பொதுவாச் சொல்லுங்க."

"எரிஞ்சுச்சு. யாரு இல்லேன்னா?"

"அப்புறம் எதுக்கு அணைக்கச் சொன்னீங்க? ரெண்டு பெரிய மனுசனும் சேர்ந்து எந் தம்பிய ஊர விட்டு அனுப்பவா?"

அவர் டிரைவர் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். பை மடியில் இருந்தது. பிறகு ரொம்பத் தணிந்த குரலில் சொன்னார். "கூறு கெட்டவளே, அது அணையாம எரிஞ்சிருந்தா அவன் மட்டும் இல்ல, நாம எல்லாருமே சவூதிக்குப் போக வேண்டியதுதான். இந்த மலைல எவனும் யாவாரம் பண்ண முடியாது."

சீ என்று சொல்ல வாய் வந்தது. வீட்டில் என் முறத்தில் மறுநாளைக்கு வைத்திருந்த காய் ஞாபகத்துக்கு வந்தது. நான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

தம்பி ஒரு மாசம் காத்திருந்தான். மலையிலிருந்து ஜீப் வந்தால் வாசலுக்கு ஓடுவான். வருகிறவர்கள் எல்லாம் அவன் விளக்கைப் புகழ்ந்தார்கள். கோயிலில் அது ஜெகஜ்ஜோதியாக எரிகிறதாம், பூசாரி இருட்டிலும் திருநீறு எடுக்கிறாராம். ஒருவரும் கேட்கவில்லை. பாஸ்போர்ட்டு மேசையிலேயே கிடந்தது. விசாவுக்குக் கெடு நெருங்கியதும் அவனாகவே அதை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். வாக்குக் கொடுத்தால் காப்பாற்றுகிறவன் அவன் ஒருத்தன்தானே எங்கள் வீட்டில்.

போடி ஸ்டேஷனில் மதுரை ரயில் நின்றுகொண்டிருந்தது. மதுரை போய், அங்கிருந்து பம்பாய். என் வீட்டுக்காரர் பெட்டியைத் தானே தூக்கி உள்ளே வைத்தார், டீ வாங்கிக் கொடுத்தார், அப்புறம் தூணுக்குப் பின்னால் போய் நின்று மூக்கைச் சிந்தினார். உண்மையாகவே அழுதார். அதில் சேர்மானம் ஒன்றும் இல்லை.

தம்பி ஜன்னல் கம்பி வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அக்கா, ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லிரு. நான் எங்க தப்பு பண்ணுனேன்? எல்லாரும் நல்லாருக்குன்னாங்க. ஆனா ஒருத்தரும் கேக்கலியே. ராத்திரி பூரா யோசிச்சுப் பாத்துட்டேன், பிடிபடல."

சொல்லியிருக்கலாம். சொன்னால், அவனை வளர்த்த மச்சானை என்னவென்று நினைப்பான்? என்னை என்னவென்று நினைப்பான்? திரும்பி வந்தால் எந்த வீட்டுக்கு வருவான்?

"வெளிச்சம் கொஞ்சம் பத்தலையாம்டா" என்றேன்.

அவன் முகம் தெளிந்தது. இத்தனை நாளாகத் தேடினது கிடைத்த மாதிரித் தலையை ஆட்டினான்.

"அப்படியா? நானும் நெனச்சேன்க்கா. வந்ததும் இன்னும் ரெண்டு வரிசை சேத்து, நல்லாப் பெருசாப் போட்டுக் குடுத்துர்றேன்."

"போடு ராசா" என்றேன். ரயில் நகர்ந்தது.